வண்டிச் சாவியும் சுண்ணாம்புச் சத்தும்

ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டபோது எனக்கு வயது நாற்பத்தேழு. பக்கத்து வீட்டு அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் வரைக்கும் போய்வந்துவிட்டேன். வழியெல்லாம் இரண்டு பேரும் ஹோ என்று கூச்சல். அப்படி ஒரு சந்தோஷம்! ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை.

எங்கள் வட்டாரத்தில் பெண்களுக்காக எலும்பு முகாம் வைத்தார்கள். குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைத்தால் எலும்பின் பலம் தெரிந்துவிடுமாம். எனக்குக் குறைவு. “சுண்ணாம்புச் சத்து பத்தலைம்மா, ஏத்தணும்” என்றார் சத்துணவு ஆலோசகர் அம்மா. மேற்கொண்டு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. வீட்டில் என்ன ஆகுமோ என்ற பயம்.

பயந்தபடியே ஆயிற்று. என் கணவர் வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“விழுந்தா நொறுங்கிடுவ. எலும்பு சரியாகட்டும், பாக்கலாம்.”

நான் என்ன அப்பளமா? எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவிடம் ஓடினேன். ஜவுளிக்கடைக்காரர் மனைவி, எந்நேரமும் வாயில் வெற்றிலை. விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

“இன்னாமே, இதுக்கா பேஜாராவுற? சுண்ணாம்புதான வோணும்? எங்கூட்ல டப்பா நெறைய கீது!”

வெற்றிலையில் அப்பித் தந்தார். சாவி ஆசையில் நானும் மென்றேன். நாக்கு பொத்துப்போய்விட்டது.

மறுநாளும் முகாம் இருந்தது. பேச முடியாத என்னை ஸ்கூட்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போய், கணவரே நடந்ததைச் சொன்னார். ஆலோசகர் தலையில் அடித்துக்கொண்டார். “ஐயோ அம்மா! சத்து கேழ்வரகுல இருக்கு, முருங்கைக்கீரைல இருக்கு, எள்ளுல இருக்கு. தினம் நடங்க, உடம்புல கொஞ்சம் வெயில் படட்டும். வெத்தலைச் சுண்ணாம்பை யாராச்சும் இப்படித் தின்பாங்களா?” பிறகு கணவர் பக்கம் திரும்பினார். “வந்ததுதான் வந்தீங்க, நீங்களும் காலை வைங்க சார்.”

“எனக்கென்னம்மா, இரும்பு மாதிரி இருக்கேன்” என்று வைத்தார். எண் வந்தது. என்னுடையதைவிடக் குறைவு!

நாக்கு எரிந்தால் எரியட்டும் என்று வாய்விட்டுச் சிரித்தேன். வாசலுக்கு வந்ததும் கையை நீட்டினேன். மனிதர் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

“பின்னாடி உக்காருங்க. விழுந்தா நொறுங்கிடுவீங்க” என்று குழறினேன்.

தெருமுனை திரும்பும்போதே அக்கா பார்த்துவிட்டார். வாசலில் நின்று கத்தினார்.

“இன்னாமே, என் சீட்ல அண்ணாத்தய குந்தவச்சிக்கினு வர்ற?”