மூன்று பக்கக் கண்ணாடிக்குள் அக்கா

வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய வீட்டின் முன்னறை யன்னல், சுவரை விட்டு ஒழுங்கைத் தெருப் பக்கம் வெளியே தள்ளி, மூன்று பக்கமும் கண்ணாடி வைத்துக் கட்டியது. ‘பே விண்டோ’ என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். ‘பே’ என்றால் குடா, கடல் கிட்ட இருப்பதால் அந்தப் பெயர் என்று அப்பா எங்களுக்கு விளக்கம் கொடுத்தார். வீட்டுக்காரர் சிரித்தார். அறையோடு ஒட்டி ஒரு குட்டி அறை மாதிரிக் கிடைக்கிற இடத்துக்குத்தான் அந்தப் பெயராம். ஆற அமர இருந்து தெருவைப் பார்க்கலாமாம். அம்மா அதைக் கேட்டுவிட்டு வேறு கணக்குப் போட்டாள்.

யாழ்ப்பாணத்தில் ஷெல் பட்டு அக்காவின் வலது கால் மற்றக் காலை விடக் கட்டையாகிப் போயிருந்தது. இருந்தால் தெரியாது, நடந்தால் தெரியும். கனடா மாப்பிள்ளை ஒருவருக்குப் பெண் தேடினார்கள். அங்கே போய்ச் சேர்ந்தால், பொலிஸ் கதவைத் தட்டி ஆட்களைப் பிடித்துப் போகிற இந்த ஊரிலிருந்து அக்கா தப்பிவிடுவாள். முகம் பிடித்த பிறகு காலைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அம்மாவின் எண்ணம்.

எங்கள் ஆட்களிடம் ஒரு நாகரிகம் உண்டு. வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தால் சங்கடம் என்று முதல் தடவை வீட்டுக்குள் வரமாட்டார்கள். தற்செயலாகப் போகிறவர்கள் மாதிரித் தெருவில் நின்றே பெண்ணைப் பார்ப்பார்கள். அம்மாவுக்கு அது வசதியாகப் போயிற்று. அக்காவுக்குச் சேலை உடுத்தி, பூ வைத்து, கையில் ஒரு புத்தகத்தையும் கொடுத்து யன்னலுக்குள் இருத்தினாள். கண்ணாடி இடுப்புக்கு மேலேதான். துணிக்கடைப் பொம்மைக்குக்கூடக் கால் வைத்துத்தான் நிறுத்துவார்கள்.

மாப்பிள்ளையின் தாய் வந்தார். அம்மாவும் நானும் கேற்றடியில் நின்றோம். யன்னலின் இந்தப் பக்கம், நேரே, அந்தப் பக்கம் என்று நடந்து நடந்து பார்த்தார். முகத்தில் நல்ல திருப்தி.

“பிள்ளையை ஒருக்கா எழும்பி நடக்கச் சொல்லுங்கோ.”

“அவள் வெக்கப்படுவாள். முகத்தைப் பாருங்கோவன், எவ்வளவு வடிவு...” அம்மா தடுமாறினாள்.

யன்னல் திறந்துதான் கிடந்தது. அக்கா எழும்பினாள். ஒரு கண்ணாடியிலிருந்து மற்றக் கண்ணாடிக்கு நடந்தாள். கால் யாருக்கும் தெரியவில்லை. தலை மட்டும் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போனது. எனக்கு அந்த மனுசியின் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது.

“காணும், இருக்கச் சொல்லுங்கோ,” என்றார் அவர். பிறகு என்னை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார். “இவ இளையவளோ? இவ ஒழுங்கா நடப்பாளோ?”

அம்மா யோசிக்கவே இல்லை.

“ஓம். நல்லா ஓடுவாள்.”

அக்கா இருக்கவில்லை. நின்றபடியே அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.