தலைவர் தூங்கிப்போன பக்கங்கள்

மூன்றாம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் என்னைக் குருபரப்பள்ளியில் இறக்கிவிடும்போது காலை ஏழு மணி ஆகியிருக்கும். குளித்து, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், சரியாக ஒன்பது மணிக்கு என் அறைக்குக் கீழே இருந்த கிரில் பட்டறையில் இரும்பு அறுக்கத் தொடங்குவார்கள். தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு ஒரு மாதம் பார்த்தேன். பிறகு ஒரு நாள் எழுந்து நடந்துபோய், நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த நூலகத்தின் கேட்டைத் திறந்தேன். படிக்கும் ஆசையெல்லாம் எனக்கு இல்லை. அங்கே சத்தம் இருக்காது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அது ஒரு காலத்தில் மந்திரியாக இருந்த தலைவர் ஒருவரின் வீடு. அவர் இறந்த பிறகு குடும்பத்தார் வீட்டையும் அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களையும் பொதுமக்களுக்கென்று கொடுத்துவிட்டார்கள். வராந்தாவில் ஓய்வு பெற்றவர்கள் செய்தித்தாள் படிப்பார்கள். போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் தங்கள் சொந்தப் புத்தகங்களோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். உள் கூடத்தில் கண்ணாடி பீரோக்கள். தமிழ், ஆங்கிலம், கன்னடம், தெலுங்கு என்று நான்கு மொழிகளில் தலைவரின் புத்தகங்கள் அவற்றுக்குள் நின்றன. வெளியே எடுத்துப் போக முடியாது. அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். ஆனால் அப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

முதல் நாளே ஜன்னலோர மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன். நூலகர் தோளைத் தொட்டு எழுப்பினார். வேப்பனப்பள்ளிக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன்.

“உக்காரும்மா. நைட்டு ஷிப்டா?”

“ஆமாக்கா.”

“சும்மா தூங்கினா யாராச்சும் கேப்பாங்க. முன்னால ஒரு பொஸ்தகத்த விரிச்சி வச்சிக்க. எச்சி மட்டும் படாம பாத்துக்க.”

அவரே பீரோவைத் திறந்து தடிமனான ஒரு புத்தகத்தை எடுத்து வந்து வைத்தார். நீர்ப்பாசனம் பற்றியது. நான் அதன் மேல் கையை மடித்து வைத்துக்கொண்டு தூங்கினேன். தூரத்தில் லாரிகள் போகும் ஓசை கடல்போலக் கேட்டது. மாங்கூழ் ஆலைகள் ஓடும் பருவம் அது; காற்று திரும்பும்போதெல்லாம் அறை முழுக்கப் பழவாசனை நிறையும். கண் விழித்தபோது எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. மூக்குக்கு நேராக, பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘இங்கே தூங்கிவிட்டேன்.’

கனவு என்றே நினைத்தேன். மறுநாள் அதே புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். வரி அங்கேயேதான் இருந்தது. இன்னும் நாற்பது பக்கம் தள்ளி மறுபடியும் அதே வாசகம்.

அதன்பிறகு தினமும் ஒரு புத்தகம் கேட்டேன். நடுவில் இருந்த பாடத்தைப் படித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன்; ஓரங்களைத்தான் படித்தேன். ‘இரண்டு முறை படித்தும் புரியவில்லை.’ ‘கண் எரிகிறது.’ ‘மழை. கரண்ட் இல்லை.’ ஓர் இடத்தில், ‘இது தெரியாமலேயே சபையில் பேசிவிட்டேன்’ என்று இருந்தது. வாசலில் மார்பளவுச் சிலையாக நிற்பவர் இதையெல்லாம் எழுதியிருக்கிறார் என்பதை மெல்ல மெல்லத்தான் நம்பினேன். தூங்கி விழித்து, ஒரு வரி படித்து, மறுபடி தூங்கும்போது, அடுத்த நாற்காலியில் யாரோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைப்பதுபோல இருக்கும்.

இரண்டாவது பீரோவுக்கு வந்தபோது ஓரங்களில் ஒன்றுமே இல்லை. தொட்டுப் பார்த்தால் தாள் மட்டும் அங்கங்கே சொரசொரவென்றிருந்தது. நூலகரிடம் கேட்டேன்.

“இதுல ஏன்க்கா அவரு எதுவும் எழுதல?”

அவர் முகம் மாறியது. “யாரு எழுதல?”

“தலைவருதான். மொத பீரோவுல எல்லாம் பென்சில்ல எழுதியிருக்காரே.”

அவர் என் எதிரில் உட்கார்ந்தார்.

“நான் இங்க வேலைக்கு வந்த புதுசு. படிக்க வர்றவங்கதான் கிறுக்கி வச்சிட்டாங்கன்னு நெனச்சன். இந்த பீரோ முழுக்க, ஒவ்வொரு பக்கமா ஒக்காந்து ரப்பர் போட்டு அழிச்சிட்டன். கை வலி வந்து மத்தத அப்புறம் பாக்கலாம்னு விட்டன். ஒருத்தரும் சொல்லலம்மா, அது அவரு எழுத்துன்னு.”

அவருக்குக் கண் கலங்கியது. நான் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். கம்பெனியில் என் வேலை, லேத்தில் கடைந்து வரும் இரும்புப் பாகங்களைச் சோதிப்பது. நேராகப் பார்த்தால் தெரியாத கீறல், விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். கைப்பழக்கத்தில் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தேன். தாளில் பென்சில் அழுந்திய தடம், நீரோடிய மணல்போல மெல்லத் தெரிந்தது.

“அக்கா, எழுதிக்கங்க. ‘பால்காரர்’… ‘இன்றும் வரவில்லை.’”

அவர் அழுதுகொண்டே சிரித்துவிட்டார். ஓடிப்போய்ப் பேனாவும் வெள்ளைத் துண்டுத் தாள்களும் கொண்டுவந்தார்.

அந்தப் பருவம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் அதைத்தான் செய்தோம். பத்து மணிக்கு வெயில் ஜன்னல் கம்பிக்குள் சாய்வாக விழும். பதினொன்றரை வரை நல்ல வெளிச்சம். நான் படிப்பேன், அவர் எழுதி அந்தப் பக்கத்திலேயே தாளைச் செருகுவார். கன்னடத்தில் எழுதியிருந்தால், அது தெரிந்த அவரே வந்து குனிந்து பார்ப்பார். சில தடங்கள் கடைசிவரை எழும்பவே இல்லை. அவற்றுக்கும் ஒரு வெற்றுத்தாள் வைத்தார். வெயில் நகர்ந்ததும் நான் தூங்கிவிடுவேன். எப்போதாவது அவரும் தூங்கிவிடுவார்.

பீரோ முடியும் முன்பே அவருக்குத் தர்மபுரிக்கு மாற்றல் வந்துவிட்டது. கடைசி நாளன்று ஒரு புத்தகம் பாக்கி இருந்தது. பின் அட்டையின் உட்பக்கம் தலைவர் நீளமாக ஏதோ எழுதியிருந்திருக்கிறார். அதை மிக அழுத்தி அழித்திருந்ததால் இரண்டு சொற்கள்தான் தென்பட்டன.

“‘மழை வரும்’னு இருக்குது,” என்றார் நூலகர்.

நான் வாங்கிச் சாய்த்துப் பார்த்தேன். “இல்லக்கா. ‘மகள் வருவாள்.’”

மறுபடி அவர் பார்த்தார், நான் பார்த்தேன். வராந்தாவில் யாரோ செய்தித்தாளை மடிக்கும் சத்தம் கேட்டது. வெயில் கம்பியை விட்டு விலகிக்கொண்டிருந்தது. அவர் துண்டுத்தாளில் முதலில் நான் படித்ததை எழுதி, அதற்குக் கீழே தான் படித்ததையும் எழுதி, புத்தகத்தை மூடினார்.