கல்யாண வீடியோவும் கொதித்த லேப்டாப்பும்

மலேசியாவின் ஈப்போ நகரில் லேப்டாப் பழுது பார்க்கும் அக்கா ஒருவரை ஒரே ஒரு முறை சந்தித்தேன். குட்டையான உருவம், நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி. அன்று வந்த ஒவ்வொரு லேப்டாப்பின் அடியிலும், காய்ச்சல் பார்ப்பதுபோல் முதலில் புறங்கையை வைத்தார்.

என் கேமிங் லேப்டாப் கொதித்துப்போய்ப் பாதி வேலையில் அணைந்துகொண்டே இருந்தது. மறுநாள் நான் ஒப்படைக்க வேண்டிய கல்யாண வீடியோ அதில்தான் இருந்தது. வேறொரு கடையில் காட்டியபோது, புதிதாக வாங்கச் சொல்லிவிட்டார்கள்.

"மெத்தையில வச்சிதானே வேல செய்யிற?" என்றார் அக்கா.

"ஆமாக்கா."

"அப்புறம் எப்படி காத்து போவும் லா?"

விசிறியில் பஞ்சுபோல் அடைத்திருந்த தூசியை எடுத்தார். சூட்டைக் கடத்தும் பசை காய்ந்திருந்தது. சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினார். பின்பக்கத்தை இரண்டு போத்தல் மூடிகள்மேல் தூக்கி வைத்து, வீடியோவை முழுதாக ஓடவிடச் சொன்னார்.

லேப்டாப் அணையவில்லை. மணப்பெண் விடைபெறும் இடத்தில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தெரிஞ்சவங்களாக்கா?"

"இல்ல தம்பி. அந்த அப்பா மூஞ்சிய இன்னும் கொஞ்ச நேரம் காட்டியிருக்கலாம். சீக்கிரம் வெட்டிட்ட."

வீட்டுக்குப் போனதும் அந்தக் காட்சியை நீட்டினேன்.