வீட்டுக்காரர் கொடுத்த சுவர்

ஓசூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த லைன் வீடுகளின் வீட்டுக்காரர் குடிநீர்க் குழாயைப் பகலெல்லாம் பூட்டிவைப்பார். கிணற்றுத் தண்ணீர் குடித்து என் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தது. நான்தான் சரியாகக் கொதிக்கவைக்கவில்லையோ என்று நொந்துகொண்டேன்.

புகைப்படம் கற்றுக்கொடுக்க வந்தவர்கள் எங்களிடம் கேமரா தந்தபோது, குழாய்க்குப் பூட்டுப் போடும் வீட்டுக்காரரின் கையை மோதிரத்தோடு எடுத்தேன். படங்களைப் பெரிதாக்கி ஒட்டச் சுவர் தேடினார்கள். இலவசமாக வெள்ளையடிப்பார்கள் என்றதும், என்ன படம் என்றுகூடக் கேட்காமல் வீட்டுக்காரரே தன் சுவரைக் கொடுத்தார்.

மறுநாள் அங்கே கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவர்கள், சுவரில் ஒட்டியிருந்த என் படத்தைப் பார்த்து, "ஓனரு மோதிரம் ஜோரா இருக்குதுங்க!" என்று சிரித்தார்கள்.

"எவ எடுத்தது?" என்று வீட்டுக்காரர் கத்தினார்.

காலிசெய்யச் சொல்வாரோ என்று பயந்தேன். ஆனாலும், "நான்தாங்க. கிழிச்சா இன்னொண்ணு ஒட்டுவேன்" என்றேன்.

பஸ்ஸுக்கு நின்றவர்களின் சிரிப்பு ஓயாததால், எல்லோரும் பார்க்கக் குழாய்ப் பூட்டைத் திறந்தார். "இப்பக் கிழிச்சிக்கட்டுமாம்மா?"

"மழை வந்து கரைக்கட்டுங்க" என்றேன். அது மாசி மாதம். மழைக்கு வெகுநாள் இருந்தது.