ஒரே வாளியில் கடல் அட்டையும் தேரையும்

நான்காம் வகுப்பில் இரண்டு உயிரினங்களை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதிவரச் சொன்னார்கள். மற்றவர்கள் பூனையையும் நாயையும் எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் தேரையையும் கடல் அட்டையையும் எடுத்துக்கொண்டேன். இரண்டுக்கும் உடம்பெல்லாம் பரு, இரண்டும் சோம்பேறி, இரண்டில் எதைத் தொட்டாலும் அம்மா கையைக் கழுவச் சொல்வார். இதைவிடப் பொருத்தமான ஜோடி கிள்ளானிலேயே கிடையாது என்பது என் முடிவு.

தேரை, கிள்ளானில் பண்டமாரான் பகுதியில் இருந்த எங்கள் குளியலறைக்குப் பின்னால் குடியிருந்தது. கடல் அட்டையை மாமா கொண்டுவந்தார். அம்மாவின் தம்பியான அவர், போர்ட் கிள்ளானில் மீன்பிடிப் படகில் வேலை செய்தார். பிள்ளை பெற்றிருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்குப் புண் ஆற, கடல் அட்டையிலிருந்து எடுக்கும் காமாட் எண்ணெய் காய்ச்சித் தருவதாக அம்மா வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காகத்தான் கடல் தண்ணீர் நிரம்பிய வாளியில் கடல் அட்டை வந்தது.

"பாத்து எழுதிக்கோ, கைய வைக்காத லா" என்று சொல்லிவிட்டு மாமா குளிக்கப் போனார்.

அருகருகே வைத்துப் பார்த்தால்தானே ஒப்பீடு? தேரையைப் பிடித்து அதே வாளிக்குள் விட்டேன். தவளைச் சாதிதானே, தண்ணீர் ஒத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். தேரை ஊதிப் பெருத்து வாளியைப் பிறாண்டியது. அது மிதித்த மிதியில் கடல் அட்டை சுருங்கி, தன் குடலையே வெளியே கக்கியது. அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். சற்று நேரத்தில் தேரையும் கால்களைப் பரப்பி அசையாமல் கிடந்தது. அப்போதுதான் நோட்டைப் போட்டுவிட்டு மாமாவைக் கூப்பிட்டேன்.

தலையைத் துவட்டியபடி வந்த மாமா, தேரையைத் தூக்கிக் குழாயடியில் பிடித்தார்.

"இது உப்புத் தண்ணி தாங்காதும்மா. அந்த அட்டை நல்ல தண்ணி தாங்காது."

வெகுநேரம் கழித்துத் தேரை ஒரு காலை இழுத்தது. கடல் அட்டையைக் காட்டி, "கடல்ல விட்டா பொழைச்சாலும் பொழைக்கும், குடல் திரும்ப வளரும்" என்றவர், வாளியை மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு போனார். வெறும் வாளியோடு திரும்பினார்.

அம்மா கேட்டபோது, "வெயில்ல வச்சிட்டேன்கா, வீணாப் போச்சு" என்றார்.

"ஒரு வேல உருப்படியா செய்யத் தெரியுதா ஒனக்கு? அந்தப் பொண்ணு மொகத்துல எப்படி முழிப்பேன்?"

அம்மா திட்டத் திட்ட, தப்பு மாமாவுடையதுதான் என்று எனக்கே தோன்றத் தொடங்கியது.

என் கட்டுரைக்குத்தான் முதல் பரிசு. 'கடல் அட்டையை வெயிலில் வைக்கக்கூடாது. என் மாமாவுக்கு அது தெரியாது' என்று அதில் ஒரு வரியும் எழுதியிருந்தேன். மாமா முழுவதையும் வாசித்துவிட்டு, கையெழுத்து ரொம்ப அழகாக இருக்கிறது என்றார்.

கையெழுத்தைப் பற்றி மட்டும் ஏன் சொன்னார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.