மூன்று ஆராய்ச்சிக்காரர்களும் என் ஒரு பதிலும்

எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவன்போல ஒரு பெண்ணிடம் சொன்னேன். அவள் நம்பினாள். அதனால் தேயிலைத் தோட்டக் கூலிகள் குடியிருக்கும் வரிசை வீடுகளான ஒரு லயம் முழுவதற்கும் வந்திருக்க வேண்டிய மருந்து வராமல் போயிற்று. நான் செய்த தவறு அவ்வளவுதான். சொல்லும்போது சிறியதாகத்தான் தெரிகிறது.

பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் கல்பாத்தி அக்கிரகாரத்தில் பிறந்து, சென்னையில் பி.ஏ. முடித்து, பாலக்காட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். ஏலப்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு ஆராய்ச்சி செய்ய மூன்று பேர் வருகிறார்கள், மூவருக்கும் தமிழ் தெரியாது, மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று வக்கீலிடம் யாரோ சொல்ல, அவர் என்னை அனுப்பிவைத்தார்.

ஒருவர் வெள்ளைக்கார டாக்டர். குடலில் கொக்கி போட்டுத் தொங்கி ரத்தம் குடிக்கும் புழுவைத் தேடி வந்தவர். இரண்டாமவர் வங்காளி. இளந்தேயிலைச் செடிகள் ஏன் மஞ்சளாகிச் சாகின்றன என்று வேரையும் மண்ணையும் சலித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாமவர் பம்பாய்க் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர். எந்த ஊரிலிருந்து மலையேறினீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள், பிறந்த பிள்ளைகளில் எத்தனை மிஞ்சின என்று வீடுவீடாகக் கேட்டார்.

ஒரே மலைச்சரிவில் மூன்று பேர் மூன்று விதமாகத் துருவினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒருநாள் ஒரு கிழவன் சொன்னான்:

"ஒருத்தரு மண்ண அள்ளுதாரு. ஒருத்தரு வாயக் கிண்டுதாரு. இன்னொருத்தரு, சொல்லவே கூசுது, அதையும் விட மாட்டேங்காரு. நம்மகிட்ட வேற என்னதான் மிச்சம்?"

மண்ணுக்கடியில் தங்கம் இருக்கிறது, லயத்தை இடிக்கப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு. கப்பலேற்ற ஆள் பிடிக்கிறார்கள் என்று இன்னொரு பேச்சு. படித்தவனான நான் இவற்றைக் கேட்டுச் சிரித்தேன். ஆனால் எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. பம்பாய்க்காரர் வாரம் தவறாமல் தோட்டத்துத் துரையின் பங்களாவுக்குச் சாப்பிடப் போனார். லயத்தில் யார் சீக்காளி, யார் சோர்ந்தவள் என்று பகலில் கேட்கிறவருக்கு மாலையில் துரையிடம் என்ன பேச்சு? இவர் துரையின் ஆள்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவரிடமும் கேட்கவில்லை, மற்றவர்களிடமும் கேட்கவில்லை.

டாக்டர் ஒவ்வொருவருக்கும் எண் ஒட்டிய சிகரெட் டப்பா ஒன்று கொடுத்தார். மறுநாள் காலை மலத்தில் கொஞ்சம் அதில் வைத்துத் தர வேண்டும். இதைத் தமிழில் சொல்லும் வேலை என்னுடையது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னேன். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

அன்று சாயங்காலம் கொழுந்து பறிக்கும் ஒருத்தி என்னை வழியில் நிறுத்தினாள். ஐந்தாறு மாதக் கர்ப்பிணி. உதடு வெளுத்து, கண்ணிமைக்குள்ளும் ரத்தமில்லாமல் இருந்தாள். மேட்டில் சுரண்டிய செம்மண் கட்டி ஒன்றைக் கடைவாயில் ஒதுக்கி மென்றுகொண்டிருந்தாள். அந்த லயத்தில் பல பெண்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

"சாமி, நெசமாச் சொல்லுங்க. பூச்சி இருக்குன்னு தெரிஞ்சா பேர வெட்டி மலையெறக்கிருவாகளா?"

எனக்குத் தெரியாது. டாக்டர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நூறடி நடந்திருந்தால் அவரையே கேட்டிருக்கலாம். ஆனால் துரையின் பங்களா விளக்கு என் கண்ணில் பட்டது. பம்பாய்க்காரர் அப்போது அங்கே இருந்தார். சாமிக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து அவள் நின்றாள். அந்த நினைப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"அப்படித்தான் இருக்கும். சீக்காளியை வைத்துச் சோறு போடுவார்களா?" என்றேன்.

மறுநாள் விடியலில் ஓடையில் குளித்துவிட்டு வந்தேன். தோல் பட்டால் ஆசார மடி கெடும் என்று ஓடைக்குச் செருப்பில்லாமல்தான் போவேன். லயத்தின் பின்புறம் டப்பாக்கள் வரிசையாகத் திறந்திருந்தன. அந்தப் பெண் மூக்கைக் கட்டிக்கொண்டு ஒரு குச்சியால் எல்லா டப்பாவிலும் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள். பங்கு வந்தது ஒரே ஆளிடமிருந்து. கரிசல் காட்டிலிருந்து அப்போதுதான் மலையேறியிருந்த ஓர் இளைஞன். மலை ஈரம் இன்னும் படாதவன், அவன் வயிற்றில் பூச்சி இருக்காது என்று லயம் கூடிப் பேசி முடிவு செய்திருந்தது.

"ஊருக்கே படியளக்க மகராசன்," என்றாள் ஒருத்தி. "நாளைக்கும் இதே மாதிரி தாராளமா இரு மாப்ள."

"ராத்திரி சோத்த நல்லாப் போட்டது இதுக்குத்தானா?" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

நானும் சிரித்துவிட்டேன். என்னைக் கண்டும் அவர்கள் மறைக்கவில்லை. நான் அவர்கள் பக்கம் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த லயத்தில் புழு இல்லை என்று டாக்டர் கண்டார். வங்காளி நம்பவில்லை. லயத்தின் பின்சரிவில் எடுத்த மண்ணை அவர் பூதக்கண்ணாடிக்கடியில் வைத்துக் காட்டினார். நூல் நூலாக நெளிந்தது.

"இவை என் செடியைத் தின்கிறவை அல்ல, உங்கள் புழுவின் குஞ்சுகள். மண்ணில் இத்தனை இருக்கிறது, மனிதனிடம் ஒன்றுகூட இல்லையா?"

"உங்கள் புட்டிகள் இடம் மாறியிருக்கும்," என்றார் டாக்டர்.

பம்பாய்க்காரர் மெதுவாகச் சொன்னார்: "பெண்கள் மண் தின்கிறார்கள். மேடேறினால் மூச்சு வாங்குகிறது என்று வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். புழு இல்லையென்றால் இதெல்லாம் எதனால்?"

"கேட்கிறவருக்குப் பிடித்ததைச் சொல்வது ஏழைகளின் வழக்கம்," என்றார் டாக்டர். இப்படி மூன்று சாஸ்திரங்களும் ஒன்றையொன்று சந்தேகித்தன. டாக்டர், டப்பாக்களைச் சேகரித்து வந்த தம் உதவியாளனைச் சந்தேகித்து அன்றே திட்டவும் செய்தார். நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு பதிலையும் மொழிபெயர்த்துக் கொடுத்த என்னை மட்டும் யாரும் சந்தேகிக்கவில்லை. வங்காளியிடம் ஒரு பழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் முதலில் "தெரியாது, பார்க்கலாம்" என்பார். அன்றும் அதையே சொல்லிவிட்டுத் தம் மண்ணைப் பார்க்கப் போனார். எனக்குத் தெரிந்திருந்தது. நான் வாய் திறக்கவில்லை. மருந்து மற்ற லயங்களுக்குப் போயிற்று.

நாங்கள் பக்கத்துத் தோட்டத்துக்கு மாறினோம். மழைக்காலத்தின் நடுவில் பழைய தோட்டத்துக் கம்பவுண்டர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்து அன்றே இறந்துவிட்டது. உடம்பில் ரத்தமே இல்லை, அவள் பிழைத்ததே பெரிது என்றார்.

அன்றே மூவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளை இறந்தது இதனால்தானா என்று டாக்டரைக் கேட்டேன். "இருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது," என்றார். அவர் திட்டவில்லை. தம் உதவியாளனைக் கூப்பிட்டு என் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டார். கோபம் வந்தது பம்பாய்க்காரருக்குத்தான்.

"துரை வீட்டில் நான் என்ன பேசினேன் என்று என்னிடமே கேட்டிருக்கலாமே. லயத்துக்குக் கக்கூஸ் கட்டச் சொல்லி வாரா வாரம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்."

மறுநாள் டாக்டரோடு லயத்துக்குப் போனேன். எல்லாரையும் கூட்டி, பூச்சி இருந்தாலும் யாரையும் மலையிறக்கமாட்டார்கள், அதைத் துரை வாயாலேயே டாக்டர் கேட்டு வந்திருக்கிறார், அன்றைக்கு நான் தெரியாமல் சொன்னேன் என்றேன்.

"அன்னைக்கு ஒண்ணு சொன்னிய, இன்னைக்கு ஒண்ணு சொல்லுதிய," என்றான் கொழுந்து நிறுக்கும் இடத்தில் முன்பு பேசிய கிழவன். "எத எடுக்க, எத விட?"

சொல்லி நம்பவைக்க இனி என்னால் முடியாது என்று தெரிந்தது. டப்பா ஒன்றை வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலை என் டப்பாவை நானே கொண்டுவந்து, எல்லார் கண்ணெதிரிலும் டாக்டரிடம் கொடுத்தேன். கல்பாத்தியில் இது தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்று நினைக்காமல் இல்லை. டாக்டர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, என்னையும் பார்க்கச் சொன்னார். முட்டைகள். மடி கெடக்கூடாது என்று வெறுங்காலோடு நான் தினமும் நடந்த ஓடை வழி, லயத்துக்காரர்கள் காலையில் ஒதுங்கும் சரிவின் வழியாகத்தான் போயிற்று.

நான் அதை உரக்கச் சொன்னேன். முதலில் யாருக்கும் சிரிக்கத் துணிவு வரவில்லை. பிறகு கரிசல்காட்டு இளைஞன் சொன்னான்:

"பூச்சிக்கு சாதி தெரியல போலிருக்கு சாமி."

சிரிப்பு அடங்கியபின், அந்த நாற்றமடிக்கும் எண்ணெய் மருந்தை அவர்கள் முன்னாலேயே விழுங்கினேன். பின்னால் பேதி உப்பும் குடித்தேன். பிற்பகல் முழுவதும் நான் புதருக்கு ஓடியதை லயமே எட்டிப் பார்த்து நின்றது. அதற்கப்புறம்தான் சிலர் டப்பா கேட்டு வந்தார்கள். இந்தத் தடவை அவரவர் டப்பாவில் அவரவருடையதே இருந்தது. அநேகமாக எல்லாருக்கும் புழு இருந்தது. பாதி மழைக்காலம் வெறுங்காலோடு நடந்துவிட்ட அந்தக் கரிசல் இளைஞனுக்கும் இருந்தது.

அந்தப் பெண் வரவில்லை. கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். உள்ளிருந்தே கேட்டாள்:

"தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒங்களுக்கு என்ன கொறஞ்சிருக்கும் சாமி?"

"சொல்ல வெட்கமாக இருந்தது."

பிறகு, "மருந்த கம்பவுண்டருகிட்டக் குடுத்துவிடுங்க. நீங்க நிக்காதிய," என்றாள்.

கம்பவுண்டரிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனேன். அவள் குடித்தாள் என்று அவர் பின்னால் சொன்னார். ஒரு வருஷம் கழித்து அந்த வழியாகப் போனபோது, அவள் கூடையோடு மேடேறிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க நிற்கவில்லை. என்னைப் பார்த்தும் நிற்கவில்லை.

பம்பாய்க்காரர் கேட்ட கக்கூஸ்கள் நான் அறிந்தவரை கட்டப்படவே இல்லை. ஆனால் அந்த லயத்தில் ஒரு சொலவடை தங்கிவிட்டது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். யாராவது எதையாவது அடித்துப் பேசினால், "இது சாமி சொன்ன சேதியா, கண்ணாடியில பாத்த சேதியா?" என்று கேட்பார்களாம்.