முற்பணம் திரும்பி வந்த நாள்

முப்பத்தெட்டு வருடம் தேயிலைத் தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்தவன் நான். எந்தக் கடிதத்துக்கு எத்தனை பிரதி, எதைப் பதிவுத் தபாலில் அனுப்புவது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஓய்வு பெற்ற பிறகும் லயத்து வரிசை வீட்டுச் சனங்கள் கடிதம் எழுத என்னிடம்தான் வருவார்கள். நான் சொன்னதை மறுத்துப் பேசமாட்டார்கள். அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

மேல் லயத்துச் செல்வராஜ் இணையத்தில் ஒரு பழைய சின்னக் காருக்கு முற்பணம் கட்டியிருந்தான். அவன் மனைவி வசந்திக்குச் சிறுநீரகம் பழுது. இரத்தம் சுத்திகரிக்க வாரம் இருமுறை இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கார் வரும் நேரத்தில் விற்பவர்கள் விலையைக் கூட்டினார்கள். கூடுதலைக் கட்டாவிட்டால் காரும் இல்லை, முற்பணமும் இல்லை என்றார்கள்.

“நகைய அடகு வச்சு கட்டிரவாங்க, கிளாக்கரய்யா? அவளால பஸ்ல நிக்க முடியலங்க.”

“ஒரு சதம் கட்டாத. ஒத்துக்கிட்ட வெலதான் வெல. நான் எழுதுறேன்.”

“சரிங்க.”

ஏழு மாதத்தில் பதினொரு கடிதம் எழுதினேன், ஒன்றை விட ஒன்று அழகாக. வசந்தி பஸ்ஸிலேயே போய்வந்தாள். முடியாத நாட்களில் போகாமல் இருந்தாள். ஐப்பசி மழையில் இறந்துபோனாள்.

காரியம் முடிந்த மறுவாரம் முற்பணம் முழுவதும் ஒரு கடிதத்தோடு திரும்பி வந்தது. செல்வராஜ் அந்தக் கடிதத்தை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான்.

“ஐயா சொன்ன மாதிரியே ஜெயிச்சிட்டீங்க.”

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பதினொரு கடிதத்தின் பிரதிகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றில்கூட வசந்தியின் பெயர் இல்லை.